யாரு வீட்டுப் பூ?

புனே மாநகரத்தில் ஒரு பூவைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராத ஒரே ஜீவன் எங்கள் பட்டாணி அக்காதான். நகர மாட்டார் என்றால் நகரவே மாட்டார். மழை வந்தால் குடை விரிப்பார். குடை பூவுக்கு. கூட வந்த நாம் நனைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் சனிக்கிழமை நடைக் குழுவில் இருந்த மராத்திக்காரர்கள் 'வாட்டாணா தாயி' என்பார்கள். வாட்டாணா என்றால் பட்டாணி, தாயி என்றால் அக்கா. காரணம், அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு தாவரக் குடும்பத்தின் மேல்தான் பிடிப்பு. அவரை, துவரை, உளுந்து, கொள்ளு, சங்குப்பூ, குன்றிமணி என்று எல்லாம் அடங்கிய பட்டாணிக் குடும்பம். மற்ற பூக்களையும் அவர் அவமதிக்க மாட்டார். ரோஜாவைக் காட்டினால் "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு மேலே நடப்பார்.

பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். அப்பா காலத்திலேயே புனே வந்து கேம்ப் என்கிற பழைய கண்டோன்மென்ட் பகுதியில் குடியேறிவிட்டார்கள். அக்கா அங்கே ஒரு பல் டாக்டரிடம் வெகுகாலம் வரவேற்பு மேசையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது டாக்டர் "என்ன வேண்டும்?" என்று கேட்டாராம். கைக்கடிகாரம் கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார். அக்கா, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி மனிதப் பல் எதையும் பார்த்ததில்லை.

புனேயின் பாணேர்ப் பகுதி டேக்டியில் அவர் பூவைப் பரிசோதிக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். (குன்றைப் புனேக்காரர்கள் டேக்டி என்பார்கள். இங்கே யாரும் குன்று ஏறுவதில்லை, டேக்டிக்குத்தான் போவார்கள்.) குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் பூவுக்கு அடியில் நீட்டி, பழக்கதோஷத்தில் "ஆ காட்டு. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்" என்பார். பிறகு விசாரணை.

"கொடி இருக்கா? இருக்கு. பக்கத்துக்கு ஒண்ணா சிறகு ரெண்டு? இருக்கு. அடியில படகு? அதுவும் இருக்கு. அப்போ நம்ம ஆளுதாம்ட்டி."

பட்டாணிக் குடும்பத்துப் பூவுக்கு மேலே கொடிபோல் நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ்தான் கொடி, இரு பக்கமும் சிறகு, அடியில் இரண்டு இதழ்கள் சேர்ந்து படகு. இதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒருமுறை பஸ்ஸில் முன்னால் நின்ற ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் பூப்போட்ட புடவைத் தலைப்பைப் பிடித்து, "கொடி, சிறகு எல்லாம் சரியா போட்டிருக்கான். படகை விட்டுட்டானே!" என்று உரக்க வருத்தப்பட்டார். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அவளுடைய நிறுத்தம் அதுதானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மனிதர்களிடமும் அவருக்கு இதே முறைதான். நான் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். கேம்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து ஒரு தலை திரும்பியது.

"ஊரு எதும்மா?"

"திருச்சிங்க."

"திருச்சியில எங்கன?"

"உறையூர்."

"பள்ளிக்கூடத்துல கணக்கு யாரு எடுத்தாவ?"

கணக்கு டீச்சரின் பெயரைச் சொன்னேன்.

"குள்ளமா இருப்பாவளா? கோபம் வந்தா மூக்கு மட்டும் செவக்குமா?"

"ஆமாங்க!"

"எங்க மதினிக்குக் கூடப்பொறந்தவல்லா! அப்போ நீ நமக்கு வேண்டியவ."

திருநெல்வேலிப் பக்கத்தில் 'வேண்டியவ' என்றால் சொந்தம். சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் டேக்டி அடிவாரத்தில் நிற்கும்படி எனக்கு உத்தரவு வந்துவிட்டது. மென்பொருள் கம்பெனியில் வாரம் முழுவதும் மண்டை காய்ந்து, சனிக்கிழமை பத்து மணிவரை தூங்குவதையே வாழ்க்கையின் பயனாக வைத்திருந்தவள் நான். வேண்டியவளாகிவிட்டால் தூங்க முடியாது.

"உங்க கேம்ப்ல பூ இல்லையா அக்கா? ரெண்டு பஸ் மாறி இங்க வரணுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கேம்ப்ல பூவெல்லாம் கல்யாணத்துக்கும் கல்லறைக்கும்தாம்ட்டி. சும்மா இருக்கிற பூ இங்கதான் உண்டும்."

சும்மா இருக்கிற பூவிலும் சொந்த மண்ணில் முளைத்ததுதான் அவருக்கு வேண்டும். டேக்டி முழுக்க வனத்துறை எப்போதோ நட்டு வைத்த ஒரு மர வகை உண்டு. பங்குனி வெயிலில் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். அதுவும் பட்டாணிக் குடும்பம்தான், ஆனால் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்பார். "குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா உள்ளூருப் பிள்ளைய மாதிரி வருமா?"

அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. காய் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது. "பூவு எல்லாம் ஒண்ணுபோல சிரிக்கும்ட்டி. காய் வந்தாத்தான் எந்த வீடுன்னு தெரியும். காய் பாக்காம பேரு சொன்னா அது பொய்யி." பொய் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். பிடிக்காத ஆள் போன் செய்தால், வீட்டில் இல்லை என்று சொல்லும்படி தம்பி மனைவியிடம் ஜாடை காட்டிவிட்டு, வாசல்படியைத் தாண்டி வெளியே போய் நின்றுகொள்வார். அப்புறம்தான் அவள் போனை எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட அக்காவைத்தான் ஒரு ஊதாப் பூ கவிழ்த்தது.

மழை ஓய்ந்த சமயம். டேக்டியின் பின்சரிவில், மரங்கள் கொஞ்சம் அடர்ந்து நிழலாக இருக்கும் இடத்தில், பாதையை ஒட்டியே மரத்தைப் பிடித்து ஒரு கொடி ஏறியிருந்தது. காம்புக்கு மூன்று இலை. கத்தரிக்காய் நிறத்தில் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கின. அக்கா பார்த்தார். நின்றார். கண்ணாடியை எடுத்தார். குழு முன்னால் போய், டீ குடித்து, திரும்பியும் வந்துவிட்டது. அக்கா அங்கேயே இருந்தார்.

"கொடி இதழு குட்டையா இருக்கு. படகு நீளமா இருக்கு. அவரை வீட்டுல இப்படி ஒரு மூக்கு யாருக்கும் கெடையாதே" என்று முனகினார். அவர் குழம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் காகா (சித்தப்பா) என்று கூப்பிடும் குழுத் தலைவர் தன் போனில் இருந்த செடி கண்டுபிடிக்கும் ஆப்பைத் திறந்து படம் எடுத்தார். காகா ஓய்வு பெற்ற என்ஜினியர், எதையும் ஒழுங்காகச் செய்பவர், போட்டோ மட்டும் அவருக்கு வராது. எல்லாப் படத்திலும் பாதி அவருடைய கட்டைவிரலாக இருக்கும். ஆப் யோசித்துவிட்டு, "கத்தரிக்காய்" என்றது. அது பூவைச் சொன்னதா விரலைச் சொன்னதா என்று தெரியவில்லை.

விஷயம் வேடிக்கையாக முடிந்திருக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை பாதை சுத்தம் செய்யும் நாள். மழைக்குப் பிறகு பாதையோரம் மண்டிய களையை எல்லாம் நாங்களே வெட்டுவோம். பெயர் தெரிந்த நல்ல செடிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் தப்பிக்கும். ரிப்பன் இல்லாதது எல்லாம் அரிவாளுக்கு. இது காகாவின் ஏற்பாடு. "நாவ் நாஹீ, தர் ஜாகா நாஹீ" என்று கொடியைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். பெயர் இல்லாவிட்டால் இடமும் இல்லை.

காய் வரவோ இன்னும் பல வாரம் ஆகும். அதுவரை அரிவாள் காத்திருக்காது. பெயர் சொன்னால் பொய், சொல்லாவிட்டால் கொடி போய்விடும். அந்த வாரம் முழுக்க அக்கா தூங்கவில்லை, என்னையும் வேலை செய்ய விடவில்லை. மேனேஜரோடு கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போன் வரும்.

"ஏட்டி, களைக்குத் தமிழ்ல என்ன சொல்லுவோம்?"

"களைதான் அக்கா. நான் மீட்டிங்ல..."

"வேண்டாத செடின்னு சொல்லுவோம்லா? யாருக்கு வேண்டாத செடி? கேக்கேன். எனக்கு வேணும்லா?"

வியாழக்கிழமை குரலில் தெம்பு வந்துவிட்டது. "ஐயர்ட்ட கேட்டுட்டேன்ட்டி" என்றார். நான் எந்தக் கோயில் ஐயர் என்று விழித்தேன். அவர்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சபைப் போதகரைத்தான் ஐயர் என்பார்கள் என்று அப்புறம் தெரிந்தது. "பொறந்த பிள்ளைக்கு பேரு வைக்கோமே, அது குணம் தெரிஞ்சா வைக்கோம்? பேர வச்சுட்டுத்தான குணத்தப் பாக்கோம்? அப்படின்னு ஐயர் சொன்னாவ."

போதகர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காகா அரிவாளோடு கொடியின் முன் நின்றார். "தாயி, நாவ் காய்?" பெயர் என்ன?

அக்கா தொண்டையைச் செருமினார். வாழ்நாளில் முதல் பொய்யைச் சொல்பவரின் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. காது மடல்வரை சிவந்துவிட்டது.

"ரான் பாவ்டா" என்றார். காட்டு அவரை. அதோடு நிறுத்தியிருக்கலாம். புதிதாகப் பொய் சொல்கிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "ஹமாரா ரிஷ்தேதார் ஹை" என்று இந்தியில் சொந்தமும் கொண்டாடினார். "காய் ரொம்ப ருசியா இருக்கும், சமைக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

காகாவின் முகம் மலர்ந்தது. மராத்தி வீடுகளில் போகியன்று பல காய் போட்டு பாஜி என்று ஒரு கூட்டுக் கறி செய்வார்கள். அதில் பாவ்டா கட்டாயம் வேண்டும். ஜனவரியில் வரும் போகி இந்த முறை சனிக்கிழமையில் விழுகிறது, நம் டேக்டியில் விளைந்த பாவ்டாவிலேயே குழுவுக்குப் போகி பாஜி என்று அங்கேயே அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா கொடிக்குச் சிவப்பு ரிப்பனைக் கட்டினார்.

டிசம்பரில் அக்கா வரவில்லை. கேம்பில் வீடு வீடாகக் கேரல் பாட்டு, கேக், சபைக் காரியம். காகாதான் போனில் தகவல் அனுப்பினார். காய் பிடித்துவிட்டது, பட்டுப் போல் பொன்னிறம், பார்க்கவே அழகு. கூடவே ஒரு போட்டோ. அதில் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது.

"பட்டு மாதிரியா? அவரைக்காயில பட்டு எங்கட்டி வந்துது?" என்று அக்கா என்னிடம் கேட்டார். குரலில் உயிரே இல்லை. "அவரையா இருக்கணும்னு ஜெபம் பண்ணுதேன். நீயும் உங்க பிள்ளையார்ட்ட ஒரு வார்த்த சொல்லி வையி."

போகி வந்தது. குழு பாத்திரம், அடுப்பு, எள்ளு ரொட்டி சகிதம் அடிவாரத்தில் கூடியது. அக்கா பொரியலுக்குத் தேங்காய் துருவி டப்பாவில் கொண்டு வந்திருந்தார். வாக்குக் கொடுத்தால் தேங்காயோடு வருகிறவர் அவர். மேலே ஏறும்போது வழியில் எந்தப் பூவையும் நின்று பார்க்கவில்லை.

கொடி முழுக்கக் காய். குட்டையாக, தடியாக, வளைந்து, மேலெல்லாம் பொன்னிறப் பூனை ரோமம். காலை வெயிலில் ஜொலித்தது. "சுந்தர்!" என்று கூவிக்கொண்டு காகா கூடையோடு பாய்ந்து ஒரு கொத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பறித்தார். அதே சமயம் கண்ணாடியை நீட்டிக்கொண்டு அக்கா இன்னொரு காயைப் பிடித்தார். காற்று ஒன்று அடித்தது.

முதலில் காகா கழுத்தைச் சொறிந்தார். பிறகு கையை. பிறகு இன்ன இடம் என்றில்லை. காற்று வாக்கில் நின்ற எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. பாணேரின் மதிப்புக்குரிய குடிமக்கள், இரண்டு வங்கி அதிகாரிகள், ஒரு கண் டாக்டர், நான் உட்பட, குதித்தோம், மரத்தில் முதுகைத் தேய்த்தோம். எள்ளு ரொட்டி கொண்டு வந்த அம்மாள் ரொட்டியாலேயே சொறிந்துகொண்டார்.

"காஜ்குயிரீ!" என்று காகா அலறினார். அரிப்புக்காய். மகாராஷ்டிரத்தில் அந்தப் பெயர் தெரியாத பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிடிக்காதவன் சட்டைக்குள் போடுவார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். பெயர் எல்லோருக்கும் தெரியும், நேரில் பார்த்தவர்கள்தான் எங்களில் யாரும் இல்லை.

அதே நொடியில் அக்காவும் அதன் தமிழ்ப் பெயரைக் கத்தினார். "பூனைக்காலி! ஏட்டி, பூனைக்காலிட்டி! பட்டாணி வீடுதான், சுத்தமான உள்ளூருப் பிள்ள! பேரு கெடச்சுட்டு!"

கை இரண்டும் தடித்துச் சிவந்திருந்தன, கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகத்தில் மட்டும் அப்படியொரு சந்தோஷம். சொறிந்துகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே காயைக் கண்ணாடியில் பார்த்தார். அத்தனை அரிப்பிலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பசுஞ்சாணி தடவினால் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். பாணேரில் பசுவுக்கு எங்கே போவது? கண் டாக்டர் பத்து நிமிஷத்தில் பொருள் கொண்டுவரும் ஆப்பில் தேடி ஆர்டர் போட்டார். அட்டைப் பெட்டியில் அழகாக அடுக்கி, டேப் ஒட்டி, காய்ந்த வறட்டி வந்தது. அதை வைத்து ஹோமம் செய்யலாம், தடவ முடியாது. ஆனால் பெட்டியில் இருந்த டேப்பை உரித்துத் தோலில் ஒட்டி இழுத்தால் அந்த ரோமம் கூடவே வந்தது. ஒருவருக்கொருவர் டேப் ஒட்டிப் பிய்த்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு கத்தல்.

கொஞ்சம் அடங்கியதும் காகா அரிவாளை எடுத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவரை யாரும் தடுக்கவில்லை. தடுக்கும் நிலையில் யாரும் இல்லை.

அக்கா எழுந்து போய்க் கொடிக்கு முன்னால் நின்றார். முதலில் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் காகாவின் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, நான் சொல்லுததை அப்படியே இந்தியில சொல்லு. காய் பாக்காம பேரு சொன்னது நானு. பொய்யி என்னோடது. செடி ஒரு பொய்யும் சொல்லல."

சொன்னேன். காகா அரிவாளை இறக்கவில்லை.

"சொந்தக்காரன்னு எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு. இப்போ அரிக்குன்னு வெட்டிவிட முடியுமா? அரிக்கிற சொந்தத்தை எல்லாம் வெட்டணும்னா எங்க வீட்டுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாவ. அவுகளும் அப்படி வெட்டுனா நானே மிஞ்ச மாட்டேன்."

அதையும் இந்தியில் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா விளையாட்டாகச் சொல்லவில்லை. தம்பி வீட்டுப் பின்னறையில் எத்தனையோ காலமாக இருப்பவர் அவர். நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

காகா கழுத்தைச் சொறிந்தபடி கொடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சுவிட்டு, "ஆம்ச்யாகடே பண்" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அரிவாளைக் கூடையில் போட்டுவிட்டார். அன்றைய போகி பாஜி கடையில் வாங்கிய பாவ்டாவில் நடந்தது, அக்காவின் தேங்காய்த் துருவலை மேலே தூவிச் சாப்பிட்டோம். மராத்திச் சமையலில் அது சேருமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் காகா கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு வந்தார். என்ஜினியர் அல்லவா, அளந்து கோடு போட்டார். நாங்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக இரண்டு சனிக்கிழமை வேலை செய்தோம். கொடி இருந்த இடத்தில் இருந்தது, பாதை நகர்ந்தது. காற்று எட்டாத தூரத்துக்கு அரைவட்டமாக வளைந்து போய், மறுபடி பழைய தடத்தில் சேர்ந்தது.

அந்தக் கொடி ஒரு வருஷத்தோடு காய்ந்தது. அதன் விதை மறு மழைக்கு முளைத்தது, அதற்கடுத்த மழைக்கும் முளைத்தது. அக்காதான் இப்போது வருவதில்லை. முழங்கால் போய்விட்டது, கேம்பில் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பிஸ்கட் கொடுத்து, என் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் எந்த ஊர் என்று விசாரிப்பார்.

டேக்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் குழம்புகிறார்கள். பாறை இல்லை, பள்ளம் இல்லை, எதற்காகப் பாதை இங்கே வளைகிறது என்று கேட்கிறார்கள். நேராகக் குறுக்கே போகக் கால் எடுத்து வைப்பவர்களைக் காகா விசிலடித்துத் திருப்புகிறார். எனக்கு விளக்கம் சொல்ல வருவதில்லை. "இப்படிச் சுத்திப் போங்க, எங்க அக்கா சொல்லியிருக்காங்க" என்கிறேன். சொல்லிவிட்டு அந்த வளைவை மட்டும் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறேன்.